தை மாதத்துப் பட்டுப்பாவாடை

செவிலிமேடு,
காஞ்சிபுரம்.
17.9.1971

அன்புள்ள காந்தாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சிட்டிபாபுவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

குழலி இறந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை விடியும் நேரம். சனிக்கிழமை காய்ச்சல் வந்தது, மறுநாள் நெஞ்சில் சளி கட்டியது. டாக்டர் ஊசி போட்டார். திங்கள் மாலை நன்றாகத்தான் இருந்தாள். என் கொண்டையைப் பார்த்து, "ஏ எம்.ஏ., கொண்ட கோணிக்கினு இருக்குது" என்று சொல்லும் அளவுக்கு. என் பட்டம்தான் அவள் எனக்கு வைத்த பெயர். மறுநாள் விடிகாலையில், அவளைப் பார்த்துக்கொள்ளும் மேரி அவளை மடியில் சாய்த்து வைத்திருந்தாள். குழலி ஜன்னலைப் பார்த்து, "மொத பஸ்ஸு இன்னும் வர்ல?" என்று கேட்டாள். பஸ் வந்தபோது அவள் இல்லை.

தந்தியைக் கீழ்ப்பாக்கம் அரண்மனைக்குத்தான் கொடுத்தேன். சமஸ்தானத்துக் காரியஸ்தர் என்ற முறையில் மாப்பிள்ளை கையில்தான் முதலில் கிடைத்திருக்கும். அவள் அண்ணன் ராஜா வருவார், குறைந்தது வீட்டார் யாராவது வருவார்கள் என்று உடம்பைக் குளிப்பாட்டிக் கூடத்தில் கிடத்திக் காத்திருந்தோம். பத்து மணிக்கு மேல் கார் வந்தது. இறங்கியவர் குமாஸ்தா கைலாசம் மட்டும். மாலைகூடக் கொண்டு வரவில்லை. "உச்சிக்குள்ள முடிச்சுடணும்மா. ஊருக்குத் தெரிய வாணாம்" என்றார்.

மேரி சும்மா இருப்பாளா?

"இன்னா சார் இது, ராஜா வூட்டுப் பொண்ணுக்கு ஒரு மோளம்கூட இல்லியா? எங்க தெருவுல நாய் செத்தாகூட நாலு பேரு கூடுவாங்க."

"கத்தாதம்மா. எனக்குச் சொன்னத நான் செய்றேன்."

வழக்கமில்லைதான், இருந்தாலும் நானும் பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போனேன். அங்கே வேலை செய்கிறவர், "யாருது?" என்று கேட்டார். கைலாசம் என் முகத்தைப் பார்க்காமல், "தோட்ட வீட்டு வேலக்காரங்க சொந்தம்" என்றார்.

நான் அதைத் திருத்தவில்லை, காந்தா. ஆனைக்குன்றம் ராஜாவின் மகள் ஏலவார்குழலி என்று உரக்கச் சொல்ல வேண்டியவள் நான். பள்ளிக்கூட நேரம் போக, அரண்மனைச் சம்பளத்தில் இருபது வருஷம் அவளுக்குத் துணையாக இருந்தவள். கைகாலும் வராத, பேச்சும் குழறிய ஒரு பெண்ணைக் குடும்பம் ஒதுக்கி வைப்பது புதிதல்ல, எனக்குத் தெரியும். ஆனால் செத்த பிறகுமா? கொள்ளி வைக்க யார் என்று கேட்டார்கள். கைலாசம் ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் கையை நீட்டி வாங்கினேன்.

வீட்டில் அவள் சக்கர நாற்காலி ஜன்னலுக்கு நேரே அப்படியே நிற்கிறது. அதை நகர்த்த மனம் வரவில்லை.

மாப்பிள்ளையிடம் கேட்டு எழுது. ராஜா ஏன் வரவில்லை?

உன் அக்கா,
லோகாம்பாள்


கீழ்ப்பாக்கம்,
சென்னை.
25.9.1971

உ

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அம்பாள் புண்ணியத்தில் எல்லோரும் சௌக்கியம். சிட்டிபாபுவுக்குக் காலாண்டுப் பரீட்சை.

உன் கடிதம் கிடைத்தது. நீ தனியாக இதையெல்லாம் தாங்கியிருக்கிறாய். அவள் பட்ட கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்துக்கொள். ராஜாவுக்கு ஆயிரம் வேலை இருக்கும், பெரிய இடத்து விஷயம், நமக்கு என்ன தெரியும்? பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு இங்கே வந்து பத்து நாள் இரேன். அந்த வீட்டில் தனியாக இருக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவளுக்கு என்ன உடுத்தி அனுப்பினீர்கள்?

உன் தங்கை,
காந்தா


செவிலிமேடு,
29.9.1971

அன்புள்ள காந்தாவுக்கு,

நலம். சிட்டிபாபு பரீட்சையை நன்றாக எழுதியிருப்பான் என்று நம்புகிறேன்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. நீ கேட்டது எனக்குப் புரியவில்லை. ஆனாலும் சொல்கிறேன். போன தை மாதம் அரண்மனையிலிருந்து வந்த பச்சைப் பட்டுப்பாவாடையை உடுத்தினோம். அவளிடம் இருந்ததில் புதியது அதுதான். முப்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்குப் பாவாடைதானா என்று உனக்குத் தோன்றலாம். அவள் உடம்பு பதினான்கு வயதோடு நின்றுவிட்டது, அரண்மனையும் வருஷம் தவறாமல் பாவாடைதான் அனுப்பியது.

இன்று பதினாறாம் நாள். ராஜாவுக்கு நானே ஒரு கடிதம் போட்டிருந்தேன், வந்து அவள் இருந்த அறையிலாவது ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகும்படி. சடங்கில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும், நாம் இருவரும் ஒரே அப்பாவிடம் வளர்ந்தவர்கள். நான் கேட்டது சடங்கு அல்ல. அவள் பெயரை அவள் ரத்த சொந்தத்தில் ஒருவர் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒருவரும் வரவில்லை. மேரி மெழுகுவத்தி ஏற்றி ஜெபம் செய்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

குழலியை நீ அறிய மாட்டாய். ஒரே ஒரு தடவை இங்கே வந்தாய், சிட்டிபாபு அப்போது கைக்குழந்தைக்குச் சற்றுப் பெரியவன். அவள் அறைக்குள் போனாய், வெளியே வந்தாய், சாப்பிடாமல் அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிட்டாய். அதைச் சொல்லிச் சொல்லி அவள் சிரிப்பாள். "உன் தங்கச்சி என்னப் பார்த்து, பேயப் பார்த்த மாதிரி ஓடுச்சே எம்.ஏ.!" என்பாள். அவள் பேசுவது மேரிக்கும் எனக்கும் மட்டுந்தான் விளங்கும். கேட்கிறவர்கள் அவளுக்குப் புத்தியும் இல்லை என்று நினைத்துவிடுவார்கள். குச்சியை வாயில் கவ்வி அவளே பக்கம் புரட்டி நான்கு பத்திரிகை படிப்பாள். என் பள்ளிக்கூடத்துச் சண்டைகளுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்வாள். ஜன்னலில் பார்த்தே எந்த டிரைவர் எந்த பஸ்ஸில் வருகிறார், யார் யாரிடம் கோபம் என்று கணித்து வைத்திருப்பாள்.

மாப்பிள்ளையைக் கேட்டு ஒரு வரி எழுது.

லோகாம்பாள்


கீழ்ப்பாக்கம்,
24.10.1971

உ

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளி வேலையில் உடனே எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள். உன் ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடுகிறாயா?

அவரிடம் கேட்டேன். தை மாதத்தில் ராஜாவின் மூத்த பிள்ளைக்குக் கல்யாணம். மைசூர்ப் பக்கத்துச் சம்பந்தம். இந்த நேரத்தில் ஒரு சாவு என்று வெளியே தெரிந்தால் தீட்டு, பெண் வீட்டார் நாளைத் தள்ளுவார்கள், நின்றாலும் நின்றுவிடும். அதனால்தான் சத்தமில்லாமல் முடித்திருக்கிறார்கள். பெரிய இடத்தில் இப்படித்தான். நீ இதை மனசில் வைத்துக்கொண்டு புண்ணாக வேண்டாம்.

சரி, அவளுக்கு உடுத்தியது போனதோடு போகட்டும். அதைப் பற்றி இனி யாரிடமும் பேசாதே.

காந்தா


செவிலிமேடு,
2.11.1971

அன்புள்ள காந்தாவுக்கு,

மாத்திரை சாப்பிடுகிறேன். இங்கே மூன்று நாளாக மழை. மேரிக்கு மூட்டுவலி.

தீட்டு என்ற காரணத்தைப் படித்ததும் கோபம் வந்தது. அதோடு கொஞ்சம் நிம்மதியும் வந்தது என்று சொல்ல வேண்டும். அற்பமானாலும் அது ஒரு காரணம். தந்தி கிடைத்தும் வராமல் இருந்ததற்கு மனிதர்களுக்கு ஏதோ ஒன்று இருந்திருக்கிறது.

இப்போது வேறு ஒரு விஷயம். அவளுடைய தைப் பாவாடைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. ஒவ்வொரு தையிலும் ஒரு வெள்ளிக்கிழமை கைலாசம் கொண்டு வருவார். மூலையில் மஞ்சள் தடவிய புதுப் பட்டுப்பாவாடை, ஒரு தூக்கு நிறைய அதிரசமும் சுழியமும், வாடிய மல்லிகைச்சரம். அன்றைக்கு அவளுக்குப் பிறந்தநாள் என்று பெரிய ராஜா, அவள் அப்பா, நான் வேலைக்குச் சேர்ந்தபோதே சொல்லியிருந்தார். நானும் மேரியும் குளிப்பாட்டி உடுத்துவோம். அன்று அவளுக்கு வரும் கொழுப்பைப் பார்க்க வேண்டுமே. "இன்னைக்கு நான் சாமி. இன்னா ஓணும், கேளு எம்.ஏ." என்பாள். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்பேன். "படிச்சவங்களுக்கு வரம் குடுக்கிறது ரொம்பக் கஷ்டம் மேரி" என்பாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "சத்தம் போடாதீங்க, அக்கா கேக்குது" என்பாள். சற்று நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "குடுத்தாச்சு" என்பாள். அவளுக்கு மூத்தவள் தையல்நாயகி, தெற்கே ஒரு சமஸ்தானத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறவள். சின்ன வயதில் இருவரும் விளையாடிய ஏதோ விளையாட்டின் மிச்சம் என்று நினைத்துக்கொள்வேன். இந்த வருஷம் அந்த விளையாட்டு இல்லை. சளியும் அசதியுமாக இருந்தாள், அதிரசத்தில் பாதி தின்றாள், ஒன்றும் சொல்லாமல் தூங்கிவிட்டாள்.

இந்தப் பாவாடைகளைப் பள்ளி விடுதியில் இருக்கும் ஏழைப் பெண்களுக்கு, தீபாவளி போய்விட்டாலும் இப்போதாவது கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். நல்ல பட்டு, பெட்டியில் கிடந்து என்ன பயன்?

இன்னொன்று. நேற்று பிள்ளையார்பாளையத்திலிருந்து முனுசாமி என்ற நெசவாளர் ஒரு புடவை கொண்டு வந்தார். கத்திரிப்பூ நிறம், மாம்பழ மஞ்சள் கரை. ஆனி மாதத்திலேயே குழலி மேரி மூலமாகச் சொல்லி நெய்யக் கொடுத்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல். தன் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்திருக்கிறாள். மேரி அழுதுகொண்டே சொன்னாள்: "சாவுற வரிக்கும் பாவாடையே கட்டிக்கினு இருக்கணுமா மேரி, ஒரு நாளாவது பொடவ கட்டிப் பாக்கணும், எம்.ஏ.வுக்குச் சொல்லாத, அசந்து போவட்டும்னு சொல்லுச்சும்மா."

முனுசாமி விஷயம் தெரியாமல், "அம்மா எங்க? கட்டிக்கினு காட்டச் சொல்லுங்க, பார்த்துட்டுப் போறேன்" என்றார்.

லோகாம்பாள்


கீழ்ப்பாக்கம்,
5.11.1971

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உடனே எழுதுகிறேன். அந்தப் பாவாடைகளை யாருக்கும் கொடுக்காதே. எந்தப் பெண் உடம்பிலும் அவை படக் கூடாது. பெட்டியைப் பூட்டி வை. காரணம் கேட்காதே, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

காந்தா


செவிலிமேடு,
8.11.1971

அன்புள்ள காந்தாவுக்கு,

உன் கார்டு கிடைத்தது. நலமா என்று நான் கேட்கும் நிலையில் இப்போது நீ இருப்பதாகத் தெரியவில்லை.

காரணம் கேட்காதே என்று எழுதினால் கேட்காமல் இருப்பவள் நான் அல்ல. ஒட்டுவியாதி என்று பயப்படுகிறாயா? அவளுக்கு இருந்தது பிறவியிலேயே வந்தது, ஒட்டாது. வேறு ஏதாவது மூடநம்பிக்கை என்றால் அதையும் எழுது, படித்துச் சிரித்துக்கொள்கிறேன்.

உடம்புக்கு என்ன உடுத்தினாய் என்று முதல் கடிதத்திலேயே கேட்டாய். நான் பச்சைப் பாவாடை என்றேன், ஒரு மாதம் நீ எழுதவில்லை. இரண்டையும் இப்போதுதான் சேர்த்துப் பார்க்கிறேன். உனக்கு என்ன தெரியும், காந்தா? எவ்வளவு நாளாகத் தெரியும்?

லோகாம்பாள்


கீழ்ப்பாக்கம்,
19.12.1971

உ

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இதை உட்கார்ந்துகொண்டு படி, மேரியையும் பக்கத்தில் வைத்துக்கொள். நான் இதை எழுதுவது அவருக்குத் தெரியாது.

பூவாடைக்காரி என்று கேள்விப்பட்டிருப்பாய். நம் வீட்டில் கிடையாது, அப்பா இருந்தவரை பொங்கலுக்குக்கூடப் படையல் போட்டதில்லை. இந்தச் சீமையில், கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்ணை வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை அவளுக்குப் பிடித்த பலகாரம், பூ, புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் முதலில் அவளுக்குப் படைத்து உத்தரவு கேட்டுவிட்டுத்தான் பந்தக்கால் நடுவார்கள். படைத்த துணியை அந்த வீட்டில் கல்யாணமாகாத பெண் ஒருத்தி உடுத்த வேண்டும், வெளியார் உடுத்தக் கூடாது. உடுத்தாமல் வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள்.

ஆனைக்குன்றம் அரண்மனையின் பூவாடைக்காரி உன் குழலிதான், அக்கா.

1947இல் மூத்தவள் தையல்நாயகிக்குப் பெரிய இடத்தில் சம்பந்தம் பேசினார்கள். இப்படி ஒரு பெண் இருக்கும் வீட்டில் பெண் எடுத்தால் நம் வம்சத்திலும் அப்படிப் பிறக்கும் என்று அவர்கள் தயங்கினார்களாம். தையல்நாயகி அப்போது ஊட்டியில் படித்துக்கொண்டிருந்தார். பெரிய ராஜா ஒரு ராத்திரியில் குழலியை ஒரு தாதியோடு காஞ்சிபுரம் தோட்ட வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காய்ச்சலில் போய்விட்டாள் என்று ஊருக்குச் சொன்னார். கருமாதியும் நடந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைப் படையல் போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டுக்குச் சந்தேகம் வரும். போட்டார்கள். அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. படைத்த பாவாடையை உடுத்தக் கன்னிப்பெண் வேண்டுமே? பங்காளிகளும் ஒதுங்கிவிட்டார்கள், ராஜாவுக்கும் பிறந்தது இரண்டும் ஆண். அந்த வீட்டில் கல்யாணமாகாத பெண் குழலி ஒருத்திதான். பெரிய ராஜா, "அது அவளுக்கே போகட்டும்" என்றாராம்.

அவளுக்குப் படைத்ததை அவளே உடுத்திக்கொண்டாள், அவளுக்குப் படைத்ததை அவளே தின்றாள். அன்று அவள் பிறந்தநாள் இல்லை, அக்கா.

நீ அந்த வீட்டுக்கு வேலைக்குப் போனதால்தானே எனக்கு இந்தச் சம்பந்தம் வந்தது. கல்யாணமான புதிதில் எனக்கு ஒன்றும் தெரியாது. அரண்மனையில் பெயர் சொல்ல மாட்டார்கள், 'கன்னியம்மா' என்றுதான் சொல்வார்கள். ஒரு சின்னப் பெண் நாற்காலியில் சாய்ந்திருக்கும் படம், அதற்கு மாலை. ஐந்து வருஷம் குழந்தை இல்லாமல் இருந்தபோது அந்தப் படத்துக்கு முன்னால் விழுந்து அழுதேன். அடுத்த வருஷம் சிட்டிபாபு பிறந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தேன். அந்த அறைக்குள் நுழைந்தேன். படத்தில் இருந்த முகம் என்னைப் பார்த்துச் சிரித்தது.

வீட்டுக்கு வந்து அவரை உலுக்கிக் கேட்டேன். சிட்டிபாபு தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினார், யாரிடமும் சொல்லக் கூடாது என்று. அதன் பிறகும் ஒவ்வொரு தையிலும் அங்கே நின்று விபூதி வாங்கிப் பூசிக்கொண்டுதான் இருக்கிறேன். எது பொய், எது நிஜம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஏற்கெனவே செத்தவளுக்கு அவர்கள் எப்படி வந்து அழுவார்கள்?

காந்தா


செவிலிமேடு,
27.12.1971

காந்தாவுக்கு,

மேரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தேன். கடைசியில் அவள்தான் எனக்குத் தண்ணீர் கொண்டு வந்தாள். "நம்ம பாப்பாவுக்கா? உசிரோட இருக்கச் சொல்லவேவா?" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாள். பிறகு பாவாடைப் பெட்டியைத் தொட மாட்டேன் என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

நான் வேலைக்கு வந்த நாள் நினைவுக்கு வருகிறது. பெரிய ராஜா என் பட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "உங்க வீட்டுல சாமி, படையல் எல்லாம் எப்படிம்மா?" என்று கேட்டார். எங்கள் அப்பா சுயமரியாதைக்காரர், அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். "ரொம்ப நல்லது" என்றார். முற்போக்கான மனிதர் என்று எண்ணிக்கொண்டு வெளியே வந்தேன். மேரி கிறிஸ்தவப் பெண் என்று தெரிந்தே வைத்ததையும் பெருந்தன்மை என்று நினைத்தேன். அந்தத் துணியையும் பலகாரத்தையும் பார்த்த மாத்திரத்தில் இன்னதென்று சொல்லத் தெரியாத இரண்டு பேரை அவர் தேடியிருக்கிறார். கிடைத்தோம். எதையும் நம்பாத நான் இருபது வருஷம் ஒரு படையலுக்குப் பூசாரியாக இருந்திருக்கிறேன்.

அவளுக்குத் தெரியுமா என்று உன் கடிதத்தில் இல்லை. பத்து நாளைக்கு வேறு எதையும் என்னால் நினைக்க முடியாது என்று நினைத்தேன், பத்து நிமிஷத்தில் பதில் கிடைத்துவிட்டது. தெரியும். கூட வந்த தாதி செல்லியம்மாள் சொல்லியிருப்பாள், அவள் நான் வந்த வருஷமே இறந்தாள். 'இன்னைக்கு நான் சாமி' என்று அவள் சொன்னது விளையாட்டு அல்ல. ஒரு தடவை, மழைக்காலத்தில் அவளுக்கு மூச்சு முட்டியபோது நான் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். "செத்தவங்க இன்னொரு வாட்டி சாவ மாட்டாங்க எம்.ஏ., போய்த் தூங்கு" என்றாள். உடம்பின் கொடுமையால் அப்படிப் பேசுகிறாள் என்று கண்டித்தேன்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை? தெரிந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன், சண்டை போடுவேன், வேலையை விட்டு என்னை அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. கேட்க ஆள் இல்லை.

இப்போது நான் உன்னைக் கேட்பது ஒன்றே. தை மாதப் படையலில் நீ நிற்பாய் அல்லவா? இத்துடன் மேரி மூலம் அந்தக் கத்திரிப்பூப் புடவையை அனுப்புகிறேன். அதைப் பாவாடைக்குப் பக்கத்தில் வை. அவர்கள் கும்பிடுகிற பெண் இறந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது அல்ல. இறந்தது 1947இலும் அல்ல. அவள் கேட்டது புடவை. இதை வைக்க முடியாது என்றால் திருப்பி அனுப்பிவிடு, நான் வருத்தப்பட மாட்டேன். மாப்பிள்ளையின் வேலை என்ன ஆகும் என்பதை நினைக்காமல் எழுதவில்லை.

லோகாம்பாள்


கீழ்ப்பாக்கம்,
2.2.1972

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகமா என்று எனக்கே தெரியவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை படையல். கல்யாணத்துக்குப் பந்தக்கால் மறுநாள். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். தையல்நாயகி அம்மா தெற்கேயிருந்து வந்திருந்தார்கள். வருஷா வருஷம் அவர்கள்தான் முதல் விளக்கு ஏற்றுவது வழக்கம். நான் கூடையில் புடவையை மறைத்து எடுத்துப் போய், எல்லோரும் கற்பூரம் தேடும்போது பாவாடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

தையல்நாயகி அம்மா விளக்கு ஏற்ற வந்தார்கள். பார்த்தார்கள்.

"இது யார் வெச்சது? கன்னியம்மாவுக்குப் புடவை வெக்கிறது வழக்கமில்லையே?"

என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று எனக்குத் தலையசைத்தார். ஆனாலும் சொன்னேன்.

"நான்தாங்க வெச்சேன். அவங்களே ஆசைப்பட்டு நெய்யச் சொன்னது."

"யாரு?"

படத்தைக் காட்டினேன்.

ராஜா, "காந்தா, நீ உள்ளே போம்மா. உடம்பு சரியில்ல உனக்கு" என்றார்.

"அண்ணா, நீங்க பேசாதீங்க" என்று அவர்கள் சொன்ன குரலில் கூடமே அடங்கிவிட்டது. என் பக்கத்தில் வந்து நின்றார்கள். "எப்போ நெய்யச் சொன்னா?"

"போன ஆனியிலங்க."

அக்கா, அவர்களுக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் தெரியாது. காய்ச்சலில் தங்கை செத்துப்போனாள் என்று ஊட்டியில் இருந்தபோது கேட்டவர்கள், அதை அப்படியே நம்பி அழுது, கும்பிட்டு, வரம் கேட்டுக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த பொய் என்று நான் நினைத்திருந்தேன். யாருக்காக அந்தப் பொய் சொல்லப்பட்டதோ, அவர்களிடமே அது சொல்லப்பட்டிருக்கிறது.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இப்போ எங்க இருக்கா?" என்று கேட்டார்கள். ஒரு நொடி அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"செப்டம்பர் மாசம் போயிட்டாங்க. காஞ்சிபுரத்துல. எங்க அக்காதான் கூட இருந்தாங்க."

அவர்கள் அழவில்லை. ராஜாவை ஒரு முறை பார்த்தார்கள். தலையில் இருந்த பூவை எடுத்துத் தட்டில் வைத்தார்கள். பின்கட்டுக்கு நடந்து போய், கட்டியிருந்த பட்டுப்புடவையோடு கிணற்றடியில் உட்கார்ந்து ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார்கள். சாவுச் செய்தி கேட்டவர்கள் குளிக்கிற குளியல். கல்யாண வீட்டில், அத்தனை பேர் பார்க்க. பிறகு ஈரத்தோடு வாசலுக்கு வந்து, "எனக்குத் தீட்டு. நான் இங்க நிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்கள். மறுநாள் பந்தக்கால் நடவில்லை. கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளியிருப்பதாகச் சொல்கிறார்கள்.

இவர் இனி அரண்மனைக்குப் போகப் போவதில்லை. வர வேண்டாம் என்று ராஜா சொல்வதற்கு முன்னால் இவரே சாவிக்கொத்தை வைத்துவிட்டு வந்துவிட்டார். நாலு நாள் என்னோடு பேசவில்லை. நேற்றுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று, "அந்தப் பொண்ணு எப்படிப் பேசும்? உங்க அக்கா ஏதாவது எழுதியிருக்காங்களா?" என்று கேட்டார்.

காந்தா


செவிலிமேடு,
20.2.1972

அன்புள்ள காந்தாவுக்கு,

எனக்குக் குறைவில்லை. நீங்கள் மூவரும் திடமாக இருக்க வேண்டும். சிட்டிபாபு பரீட்சை முடிந்ததும் எல்லோரும் இங்கே வாருங்கள். இந்த முறை சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

தையல்நாயகி அம்மா நேற்று வந்தார்கள். ஒரு வாடகைக் காரில், தனியாக. நான் எதிர்பார்க்கவில்லை. அரண்மனைக்காரர்கள் மீது எனக்கு இருக்கும் கசப்போடுதான் கதவைத் திறந்தேன். உள்ளே வந்தவர்கள் ஒன்றும் கேட்காமல் அறைக்குள் போய், கட்டிலில் உட்காராமல், அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். அந்த ஜன்னலையும் சக்கர நாற்காலியையும் வெகுநேரம் பார்த்தார்கள். மேரி காபி கொண்டுவந்து வைத்தாள். "நீங்கதான் மேரியா?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மேரி என்னைப் பார்த்தாள், பிறகு அவளும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"குழலி" என்று ஒரு தடவை சொன்னார்கள். யாரையும் பார்த்து அல்ல. அவள் ரத்த சொந்தத்தில் ஒருவர் அவள் பெயரைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஐந்து மாதம் கழித்து.

நீ படையலில் வைத்த புடவையை அவர்கள் கையோடு எடுத்துப் போயிருக்கிறார்கள். மடியில் வைத்திருந்தார்கள். பாலாற்றுக்குப் போனோம். எந்த இடம் என்று காட்டினேன், மணலில் அடையாளம் எதுவும் இல்லை. அவர்கள் புடவையைப் பிரித்து, இரண்டு கையாலும் விரித்து, கொஞ்ச நேரம் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதை எரிப்பார்கள் அல்லது ஆற்றில் விடுவார்கள் என்று நினைத்தேன். மறுபடி மடித்து மேரியிடம் கொடுத்து, "நீங்க கட்டிக்கங்க. அவ சந்தோஷப்படுவா" என்றார்கள்.

திரும்பி வந்த பிறகுதான் கேட்டார்கள்.

"டீச்சர், அவளுக்குத் தெரியுமா? நாங்க அங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தோம்னு?"

தெரியும் என்றேன். மறைக்க எனக்கு உரிமை இல்லை. அந்தத் தை வெள்ளிக்கிழமைகளைப் பற்றிச் சொன்னேன். 'அக்கா கேக்குது, சத்தம் போடாதீங்க' என்று கண்ணை மூடிக்கொள்வாள் என்று சொன்னேன். 'குடுத்தாச்சு' என்று சொல்வாள் என்றும் சொன்னேன்.

அவர்கள் முகத்தை மூடிக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதார்கள். அடக்கி வைத்திருந்தது எல்லாம் அப்போது வந்தது. பிள்ளை வேண்டும் என்று கேட்டேன், அவருக்கு உடம்பு தேற வேண்டும் என்று கேட்டேன், வீடு நிலைக்க வேண்டும் என்று கேட்டேன், வருஷம் தவறாமல் அவளிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தேன் என்றார்கள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்கள்: "போன வருஷம் மட்டும் நான் ஒண்ணும் கேக்கலை டீச்சர். ஏன்னு தெரியலை, மனசுக்கு என்னமோ மாதிரி இருந்தது. நீ நல்லா இருக்கியா குழலின்னு மட்டும் கேட்டேன். போன வருஷம் என்ன சொன்னா?"

போன வருஷம் அவள் பாதி அதிரசத்தோடு தூங்கிவிட்டாள் என்று உனக்கு எழுதியிருந்தேன். மேரிக்கும் தெரியும். மேரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சாட்சி இல்லாமல் எதையும் ஒப்புக்கொள்ளாதவள். என் மாணவிகள் ஒரு தேதியைத் தப்பாகச் சொன்னால்கூட விடமாட்டேன்.

"ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கிட்டு இருந்தா" என்றேன். "அப்புறம், 'நல்லாத்தான் கீறேன்'னு சொன்னா."

உன் அக்கா,
லோகாம்பாள்